புது ஹெட்டிலும் விட்டுப்போன கோடுகள்

நைனா,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நேற்று போனில் உன் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன். நான் நன்றாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் என் வாயில் "நல்லா கீறேன் நைனா, நீ சாப்டியா" என்பது தானாக வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வேறு எதையும் சொல்ல இடமிருப்பதில்லை. அதனால் நம் போட்டோக் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்து அடித்துப் பழகிய விரல்கள், எழுத்தைப் பார்க்காமலே ஓடுகின்றன. வரும் சனிக்கிழமை நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். "புள்ள கெளம்பற நேரத்துல இதெல்லாம் சொல்லாத. அங்க போய் சேரட்டும், அப்பால சொல்லிக்கலாம்" என்று உன் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர் கடைக்கு பிரிண்ட் பேப்பர் வாங்க அரக்கோணம் போயிருக்கிற நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாததால் கடை பிரிண்டருக்கு நீ வாங்கி அனுப்பிய புது ஹெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"புது ஹெட் எப்படிம்மா கீது?" என்று கேட்டாயே. "சூப்பரா கீது" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. புது ஹெட் சூப்பராகத்தான் இருக்கிறது. பழைய ஹெட்டும் சூப்பராகத்தான் இருந்திருக்கிறது. அதில் அடைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான்தான் அதைப் பழுது, பழுது என்று சொல்லி உன்னை விரட்டி வாங்கி அனுப்ப வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். நீ எதையும் முதல் இரண்டு வரி படித்துவிட்டு மீதியைத் தாவுகிற ஆள். இதைத் தாவாதே.

பிரிண்டருக்கு ஹெட்தான் உயிர் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மை வெளியே வருகிற அந்தத் துளைகள் எவ்வளவு பொடியானவை என்று சின்ன வயதிலேயே நீ எட்டிப்பார்த்து, ஒன்றுமே தெரியவில்லை என்று ஏமாந்திருக்கிறாய். தினமும் கடை திறந்ததும் நான் முதலில் செய்வது நாசில் செக் எடுப்பதுதான். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு கட்டங்களில் மெல்லிய படிக்கட்டுக் கோடுகளாக அந்தத் தாள் வந்து விழும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் கண்ணுக்கு அது சரியாகப் பிடிபடாது. அதனால் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் மாதிரி லென்ஸை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்ப்பேன். இந்தப் பழக்கத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

அந்தத் தாளை ஒருநாள் பார்க்காமல் விட்டதற்கு நாம் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது. நகரியிலிருந்து மலைக்கோயிலுக்கு வந்து மாலை மாற்றிக்கொண்ட ஜோடி, கீழே இறங்கி நம் கடையில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு பாதியில் அடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பிரித்துப் பார்த்த மாமியார்க்காரி திரும்பி வந்து நின்றாள். "இன்னாம்மா இது, பொண்ணு மொகம் பச்சப்பசேல்னு கீது? பாம்பு கட்ச்சா மாதிரி?" என்று ரோடே கேட்கக் கத்தினாள். நீ உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். மணப்பெண்ணும் சிரித்தாள், அதனால் பிழைத்தோம். அன்றிலிருந்து தாளைப் பார்க்காமல் ஒரு பாஸ்போர்ட் போட்டோகூட நான் கொடுத்ததில்லை.

இன்னொரு தடவை, கோடை விடுமுறைக்கு உன் சித்தி வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நீ பிரிண்டரைப் பட்டனில் அணைக்காமல் சுவரில் இருக்கிற ஸ்விட்சில் அணைத்துவிட்டாய். ஹெட் தன் மூடியின் மேல் போய் உட்காராமல் நட்ட நடுவில் நின்றுவிட்டது. வந்து பார்த்தால் மை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. எனக்குக் கோபம். ஊசிபோடுகிற சிரிஞ்சில் டிஸ்டில்டு வாட்டரை ஏற்றி, காய்ந்த மையை ஒரே அழுத்தாக வெளியே தள்ளப் பார்த்தேன். அழுத்திய வேகத்தில் உள்ளே எதுவோ கிழிந்து, நீலமும் மஞ்சளும் ஒன்றாகக் கலந்து, ஹெட்டே போய்விட்டது. நனைத்த துணியை அடியில் வைத்து, மை தானாக இளகும்வரை காத்திருந்தால் அது பிழைத்திருக்கும். உன்னைத்தான் எல்லாரிடமும் குற்றம் சொன்னேன். ஆனால் உன் தப்பு திருத்தக்கூடிய தப்பு. அதைத் திருத்தப்போன என் அவசரம்தான் ஹெட்டைக் கொன்றது. புது ஊரில், புது வேலையில் ஏதாவது நின்றுபோனால் உடனே ஓங்கி அழுத்தாதே நைனா. கொஞ்சம் ஊறவிடு.

இந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு முன்னால்தான் அது ஆரம்பித்தது. லென்ஸில் பார்த்தால் கோடுகள் நேராக இல்லை. நடுவில் லேசாக நெளிந்தன. ஹெட் இடம் மாறியிருக்கும் என்று நினைத்து அதைச் சரிசெய்கிற வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் நெளிந்தது. பிறகு கூட்டம் வந்துவிட்டது. மொட்டை அடித்த குழந்தைகள், பூக்காவடிக் குழுக்கள், பொதட்டூர்பேட்டையிலிருந்து ஊரோடு வந்தவர்கள் என்று நிற்க நேரமில்லை. எடுத்த போட்டோவை எல்லாம் "நல்லா கீதுங்க" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கூட்டம் வடிந்த பிறகு பார்த்தால் கோடு நெளியவில்லை, விட்டே போயிருந்தது. கட்டத்தின் நடுவில், அழிப்பான் வைத்துத் தேய்த்ததுபோல் ஒரு வெறுமை. திருவிழாப் புழுதி உள்ளே போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

மையைத் தள்ளித் துளைகளைக் கழுவுகிற கிளீனிங் கொடுத்தேன். தாளை எடுத்தேன். வெறுமை அங்கேயே இருந்தது. மறுபடி கொடுத்தேன். அடிக்கடி கிளீனிங் கொடுத்தால் மை வீணாகும், ஹெட்டுக்கும் நல்லதில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "மெஷினுக்கு பேதி மருந்து குட்த்துகினே கீறியே, அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். தாளை அவரிடம் நீட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாக் கோடும் வந்துதான் கீது" என்றார். "உங்களுக்குக் கண்ணு போயிடுச்சுங்க. மொதல்ல போய் புரை இருக்குதான்னு காட்டுங்க" என்றேன். அதைச் சொன்னதை இப்போது நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது. அவரும் கோபித்துக்கொள்ளாமல், நான் சொன்னேன் என்பதற்காக இலவசக் கண் முகாமுக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். முகாமில் யாரோ சரியாகப் பார்க்கவில்லை என்று அவர்களையும் திட்டினேன்.

கழிவு மையை உறிஞ்சுகிற பஞ்சு நிறைந்து, இனிமேல் ஓட மாட்டேன் என்று பிரிண்டரே சிவப்பு விளக்கைப் போட்டு நின்றது. அதன்பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஹெட்டை வாங்கி அனுப்பிவிட்டாய். கனகம்மாசத்திரத்திலிருந்து தாமு வந்து மாட்டினான். நம் கடைக்கு எப்போதும் வருகிற அதே மெக்கானிக்தான், உன்னோடு கிரிக்கெட் ஆடியவன். பஞ்சையும் மாற்றி, முதல் தாளை எடுத்துப் பார்த்து, "ஜம்முனு வந்துகினு கீதுக்கா, ஒரு கோடு உடல" என்றான். நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். புது ஹெட். அதே இடம். அதே வெறுமை.

"இன்னாடா கண்ண தொறந்துகினே பொய் சொல்ற? நடுவுல தொடச்சி வெச்சா மாதிரி கீது பாரு" என்றேன். அவன் லென்ஸை வாங்கிப் பார்த்தான். "எங்கக்கா?" என்றான். "நீலத்துலடா." பார்த்தான். "நீலம் ஃபுல்லா கீது." "கறுப்புலயும் கீதுடா, செவப்புலயும் கீது." அவன் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நாலு கலரும் ஒரே எடத்துல அடைக்குமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். அடைக்காது. அது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் இதே தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் கேட்கும்வரை அது என் புத்தியில் ஏறவே இல்லை. மறுபடி லென்ஸை வைத்தேன். அப்படியே தாளைக் கொஞ்சம் நகர்த்தினேன். கோடுகள் நகர்ந்தன. வெறுமை நகரவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். தாள் முழுவதும் லென்ஸுக்கு அடியில் ஓடி முடிந்தது. அது மட்டும் நடுவிலேயே நின்றது.

லென்ஸைக் கீழே வைத்தேன். இடது கண்ணை மூடியபடியே தலையைத் தூக்கித் தாமுவைப் பார்த்தேன். தலைமுடி தெரிந்தது, இரண்டு காதும் தெரிந்தன, சட்டைக் காலர் தெரிந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை. "இன்னாக்கா ஆச்சு?" என்று அந்த மொத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் கத்திவிட்டேன் நைனா. நாற்காலியிலிருந்து எழுந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இடது கண்ணைத் திறந்ததும் தாமு முழுசாக வந்துவிட்டான். மூடினால் போய்விட்டான். குழந்தை மாதிரி மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்ததால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. லென்ஸ் வைக்கும்போது மட்டும்தான் வலது கண் தனியாக மாட்டியிருக்கிறது. அது மாட்டிய ஒவ்வொரு தடவையும் நான் பிரிண்டரைக் கழுவினேன்.

போன வாரம் காலை ரயிலில் நானும் உன் அப்பாவும் மெட்ராஸில் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நீ அன்றைக்குப் போன் செய்தபோது பின்னால் என்ன இரைச்சல் என்று கேட்டாய். சந்தையில் இருக்கிறோம் என்றார் அப்பா. சொட்டு மருந்து விட்டு, கண்ணைப் படம் எடுத்து, கடைசியில் டாக்டரம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்தார். சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி. வாங்கிப் பார்த்ததும், "எங்க கடைல எடுக்கற நாசில் செக் மாரியே கீதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணில் ஓரத்துக் கோடுகள் சுருங்கிய துணி மாதிரி நடுவை நோக்கி இழுத்துக்கொண்டு போயின. புள்ளி இல்லவே இல்லை. விழித்திரையின் நடுவில் ரத்தக்குழாய் கசிகிறதாம். கசிவை நிறுத்தக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம். கண்ணுக்கு ஊசி இல்லை நைனா, கண்ணுக்குள் ஊசி.

"எப்பலேர்ந்துமா இப்படி?" என்று கேட்டார். ஆடிக் கிருத்திகைக்கு முன்னாலிருந்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பவே வந்திருக்கணும்மா. இதுல ஒவ்வொரு வாரமும் முக்கியம்" என்றார். மை வீணானது, பஞ்சு வீணானது, நீ வாங்கிய ஹெட் வீணானது எல்லாம் போகட்டும். அந்த வாரங்களை நான் எங்கே போய் வாங்குவேன்? பழையபடி ஆகிவிடுமா என்று உன் அப்பா கேட்டார். "போனதைத் திரும்பக் கொண்டாந்துடுவேன்னு சொல்ல மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. இன்னொரு கண்ணிலும் இது வரலாம், தினமும் அந்தத் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றும் சொன்னார். ஊசியை அன்றைக்கே போட்டிருப்பார்கள். பயத்தில் எனக்கு பிரஷர் எகிறிப்போய்விட்டது. மாத்திரை கொடுத்து, நீ கிளம்புகிற சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். உன் வயதில் வராது என்றார், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். எப்போதாவது ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பார், பிறகு மற்ற கண்ணை மூடிப் பார். கம்பி நெளிந்தால் கம்பியைச் சந்தேகப்படாதே. கண்ணாடியைத் துடைக்காதே, அலுப்பு என்று சொல்லித் தூங்கப் போகாதே, நேராக டாக்டரிடம் போ. எதிலும் நீ பார்ப்பது ஒன்றாகவும் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் சொல்வது வேறாகவும் இருந்தால், அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் தாளைக் கொஞ்சம் நகர்த்திப் பார். உன் பிடிவாதம் என்னிடமிருந்துதான் வந்தது. அதனால் சொல்கிறேன்.

இப்போது காலையில் அந்த டாக்டர் கொடுத்த தாளைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்கு வியர்த்துவிடுகிறது. இடது கண்ணில் கோடு நேராக இருக்கிறதா? இருக்கிறது. உண்மையாகவே இருக்கிறதா, நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா? மறுபடி பார்க்கிறேன். பிரிண்டர் என்றால் புது ஹெட் போடலாம். எனக்கு யார் போடுவது? கடை போனால் போகிறது, தாமுவை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று உன் அப்பா சொல்கிறார். எனக்குக் கடையைப் பற்றிக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அது இல்லை. நீ போனால் இரண்டு வருஷம். திரும்பி வந்து வாசலில் நிற்பாய். சட்டை தெரியும், பெட்டி தெரியும், தலைமுடி தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மொத்தை நிற்கும். அதிலிருந்து "அம்மா" என்று குரல் வரும். இதைத்தான் தினமும் நினைக்கிறேன். நினைக்காதே என்றால் மனசு நிற்க மாட்டேன் என்கிறது.

"எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் போய் வா" என்று எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எந்த அம்மாவும் அப்படித்தான் எழுதுவாள். அந்த வரியை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், அழித்துவிட்டேன். திங்கட்கிழமை உன் அப்பா கூட வருவார். சர்க்கரை பார்க்க விரலில் குத்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் அவர். எனக்கு ஊசி போட்டால் அவரைத்தான் முதலில் படுக்க வைக்க வேண்டியிருக்கும். எனக்கு நீ வேண்டும். டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப்போட முடியுமா என்று உங்கள் கம்பெனியில் கேள். முடியாது என்றால் போ, நான் தடுக்க மாட்டேன். ஆனால் பரவாயில்லை என்றும் சொல்ல மாட்டேன், பரவாயிருக்கிறது.

வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. சமைத்து வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கடைக்கு வா. எதிரில் ஸ்டூலில் உட்கார். போட்டோவுக்கு உட்காரச் சொன்னாலே நெளிகிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நெளியாதே, போனையும் எடுக்காதே, எதுவும் பேசவும் வேண்டாம். இந்த இடது கண்ணால் நான் உன்னைப் பார்த்து முடிக்கும்வரை எழுந்து போகாதே.

அம்மா